கண்காணிப்புக் கிணறு போட்டு மண் பரிசோதனை செய்து தருகிறோம் என்று வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள் – எனக்கு ரூ.86,500 போச்சு

பணம் கொடுத்து இருபது நாள் ஆகிறது. ஏமாந்தது உறுதியானது இன்று காலையில்தான். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், உங்களில் ஒருவராவது தப்பிக்க வேண்டும்.

எங்கள் வீடு கடலூர் முதுநகருக்குத் தெற்கே. ஒரு வருடமாக போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் விடிவதற்குள் மஞ்சளாகிவிடுகிறது. வெறும் இரும்புச் சத்தாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மதிப்பீட்டில் கடலூர் தொழிற்பகுதிக்கு 77.45 புள்ளி, மிகக் கடுமையாக மாசுபட்ட இடம் என்ற பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் என் வீட்டு மண்ணில் என்ன இருக்கிறது என்று காட்டக் கையில் ஆதாரம் வேண்டுமே!

அதற்குத்தான் கண்காணிப்புக் கிணறு, அதாவது நிலத்தடி நீரில் மாசு இருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்க்கப் போடும் குழாய்க் கிணறு. அதைப் போட்டு மண்ணும் தண்ணீரும் பரிசோதித்துத் தருகிறேன் என்ற ஒருவனை, வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலியில் பிடித்தேன். வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் மோர் வாங்கிக் குடித்தான். என் பெண்ணின் நோட்டில் பென்சிலால் முக்கோணம் போட்டான். “அண்ணே, மூணு கிணறு இருந்தாத்தான் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும். ஒண்ணு மேட்டுல, ரெண்டு உப்பனாறு பக்கம் சரிவுல.” பிறகு கொல்லையில் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்து, “அம்மா, இந்தத் தண்ணியை இனிமே வாயில வெக்காதீங்க” என்றான். அம்மா கண் கலங்கிவிட்டார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். ரசீதுகூடக் கேட்காமல் 86,500 ரூபாயையும் ஜிபேயில் அனுப்பினேன்.

இரண்டே நாளில் கைபோர் வைத்து மூன்று குழி, நாற்பது நாற்பது அடி. பைப்பை இறக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கலங்கலாக வந்த தண்ணீரைப் பழைய வாட்டர் பாட்டிலில் பிடித்து பைக் பையில் திணித்துக்கொண்டான். குழியிலிருந்து வந்த மண்ணையெல்லாம் ஒரே கேரி பேக்கில் அள்ளினான். இப்படித்தான் எடுப்பார்கள் போல என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் அக்கா மகள் ஜியாலஜி படித்தவள். போட்டோவைப் பார்த்ததும், “மாமா, பைப்புல துளையே இல்லையே?” என்றாள். நீர் ஊறும் ஆழத்தில் துளையுள்ள ஃபில்டர் பைப் இறக்கி, சுற்றிலும் பொடி ஜல்லி போட்டு, அதற்கு மேல் பென்டோனைட் களிமண்ணால் அடைத்து, தரைமட்டத்தில் சிமெண்ட் பூசி, பூட்டுகிற மூடி போட வேண்டுமாம். தெளியும்வரை இறைத்து, கிணற்றில் நிற்கும் பழைய தண்ணீரை மூன்று மடங்காவது வெளியேற்றிய பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். உலோகம் பார்க்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு, ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். இதில் ஒன்றையும் அவன் செய்யவில்லை.

அப்புறம் போன். “லேப்ல கூட்டம் சார்.” “டீம் வெளியூர்ல இருக்கு சார்.” அண்ணே என்றவன் ஒரே வாரத்தில் சார் என்கிறான்! செயலிக்காரர்களோ, ஆளைக் காட்டுவது மட்டும்தான் எங்கள் பொறுப்பு என்று புகாரையே மூடிவிட்டார்கள்.

நேற்று ராத்திரி ரிப்போர்ட் வந்தது. மூன்று கிணற்றுக்கும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1842, குளோரைடு 611, ஒரு புள்ளி மாறவில்லை. ஒரே பையில் அள்ளிய மண்ணுக்கு 5 அடி, 10 அடி, 15 அடி என்று தனித்தனிக் கணக்கு. மாதிரி எடுத்த தேதி, குழி போட்டதற்கு முந்தின நாள்! அதில் இருந்த ஆய்வகத்துக்கு இன்று காலை போன் செய்தேன். அந்த எண்ணில் ரிப்போர்ட்டே கொடுக்கவில்லை என்கிறார்கள். 86,500 ரூபாய், அம்மாவின் வளையலை அடகு வைத்த பணம்.

பணத்தைவிட இன்னொன்று பயமாக இருக்கிறது. மூடியும் இல்லாமல், அடைப்பும் இல்லாமல் கொல்லையில் மூன்று பைப் நிற்கிறது. மழை பெய்தால் மேல் அழுக்கு நேராக ஊற்றுக்கே இறங்கும். இப்போதைக்கு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துக் கல் வைத்திருக்கிறோம்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. முழுப்பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா என்று நீங்களே போன் செய்து கேளுங்கள். மாதிரி பாட்டிலில் உங்கள் கண் முன்னால் தேதி, நேரம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குடிநீர் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கே போய்விடுங்கள்.

சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் புகார் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறேன். அடுத்து பண்ருட்டிப் பக்கம் வேலை இருக்கிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே யாராவது பேசி வைத்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.