கோலாப்பூர் கங்காவேஸ் தூத் கட்டா: மல்யுத்தம் பழகும் மகளோடு ஒரு சாயங்காலம்

எனக்குக் கோவையில் ஃபவுண்டரி வேலை. அந்த வேலையாக வருஷத்துக்கு இரண்டு முறையாவது மகாராஷ்டிரத்தில் இருக்கும் கோலாப்பூருக்குப் போக வேண்டியிருக்கும். இந்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பிளஸ் ஒன் படிக்கிறாள், 53 கிலோ பிரிவில் மல்யுத்தம் பழகுகிறாள். அவளுக்குக் காட்டவேண்டும் என்று நான் நினைத்த முதல் இடம் கோயிலோ கோட்டையோ இல்லை, கங்காவேஸில் இருக்கும் இந்தப் பால் கடைதான்.

கடை என்றாலும் போர்டு, கூரை, கல்லாப்பெட்டி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். தெருவோரத்தில் எருமைகள் வரிசையாக நிற்கும், பக்கத்தில் வாளியோடு ஆட்கள் நிற்பார்கள். 'தூத்' என்றால் பால், 'கட்டா' என்றால் திண்ணை மாதிரி. நாம் போய் நின்று கேட்டால் நம் கண் முன்னாலேயே கறந்து கிளாஸில் கொடுப்பார்கள். பந்தர்புரி எருமை என்று ஓர் இனம் அந்தப் பக்கத்தில் உண்டு. கொம்பு வாள் மாதிரி முதுகுப் பக்கம் நீண்டு போகும். கேட்கிற நேரத்துக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் விடும் குணம் அதற்கு இருப்பதால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

எங்களுக்குக் கறந்தவர் மடியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, கிளாஸைக் காம்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். முதல் பீச்சு வெறும் கிளாஸில் பட்டு 'சொர்ர்' என்றது. நாலைந்து பீச்சுக்குள் சத்தம் அமுங்கி நுரை மேலே ஏறிவிட்டது. கையில் வாங்கினால் உடம்புச் சூடு. சர்க்கரை போடாமலேயே இனிப்பு, தொண்டையில் பச்சைத் தீவனத்தின் லேசான வாசனை. குடித்து முடித்த பிறகும் உதட்டில் கொழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் தங்கின லாட்ஜில் பால் என்று ஒன்று கொடுத்தார்கள், டம்ளரின் அடி தெரிந்தது. அதற்குப் பிறகு இதைக் குடித்ததில் எனக்கு மனசே நிறைந்துவிட்டது.

மகள் தயங்கினாள். "காய்ச்சாம குடிக்கலாமாப்பா?" என்றாள். நியாயமான கேள்விதான், அதற்குப் பிறகு வருகிறேன். "கே.டி. ஜாதவ் படிச்ச ஊரு கண்ணு இது" என்றேன். அந்த மல்யுத்த வீரரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி படித்திருக்கிறாள், அவ்வளவுதான். அங்கேயே நின்று அவர் கதையைச் சொன்னேன்.

காஷாபா தாதாசாகேப் ஜாதவ் கராட் பக்கத்தில் கோலேஷ்வர் என்கிற கிராமத்தில் 1926ல் பிறந்தவர். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் படித்தார். இந்த ஊரில் இதை ஆண்ட ஷாகு மகாராஜா காலத்திலிருந்தே மல்லர்களுக்கு மரியாதை. காஸ்பாக் குஸ்தி மைதானத்தைக் கட்டினது அவர்தான், பயில்வான்கள் கறந்த சூட்டோடு பால் குடிக்கிற பழக்கத்தையும் அவர் காலத்தோடு சேர்த்தே இங்கே பேசுகிறார்கள். செம்மண்ணில் பழகிய ஜாதவ் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 'மேட்' என்கிற மெத்தை விரிப்பில் இறங்கி, ஃப்ளைவெயிட் என்கிற மிகக் குறைந்த எடைப் பிரிவில் ஆறாவது இடம் பிடித்தார். பழக்கமில்லாத மேட், பழக்கமில்லாத விதிகள். அதில் ஆறாவது என்பது என் கணக்கில் பெரிய விஷயம்.

1952ல் ஹெல்சிங்கிக்குப் போவதற்குள் அவர் பட்ட பாடு இருக்கிறதே! சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் தனக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துவிட்டார்கள் என்பது அவருடைய மனக்குறை. பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டு மறுபடி ஒரு வாய்ப்பு வாங்கி, எதிராளியைச் சாய்த்துக் காட்டித்தான் இடம் பிடித்தார். பயணத்துக்குப் பணமில்லை. கல்லூரி முதல்வர் கர்டேகர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. ஒரு வாத்தியார் மாணவனுக்காக வீட்டையே வைப்பதா!

ஹெல்சிங்கியில் பேண்டம்வெயிட் எடைப் பிரிவில் வெண்கலம். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் விளையாட்டில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்தது 1996ல், டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் கையால்தான் வந்தது. பதக்கத்தோடு திரும்பி வந்த ஜாதவை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகளில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? குஸ்திப் போட்டி நடத்தி, தானும் இறங்கி, வந்த பணத்தில் முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார். அப்புறம் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். 1984ல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது கொடுத்தது 2000ல். பார்க்க அவர் இல்லை. இந்தத் தாமதத்தை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேட்டு முடித்ததும் மகள் கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். கறந்தவர் அவளுடைய காதைக் கவனித்திருக்க வேண்டும், மேட் விரிப்பில் தேய்ந்து தடித்துப்போன காது. "பைல்வான்?" என்று கேட்டார். தலையாட்டினாள். மறுபடி குனிந்து அவள் கிளாஸை நுரை வழிய நிரப்பினார், அதற்குக் காசு வாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: சாயங்காலம் போங்கள். மகாலட்சுமி கோயிலிலிருந்து நடந்தே வந்துவிடலாம். உட்கார இடம் கிடையாது, வண்டிகள் உரசிக்கொண்டு போகும், சின்னப் பிள்ளைகளின் கையை விட்டுவிடாதீர்கள். சொந்த டம்ளர் கொண்டுபோவது நல்லது. நாங்கள் நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தோம், இரண்டு கிளாஸ் போக மீதி வந்தது. இது காய்ச்சாத பால், கிருமி இருக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள், உடம்பு சரியில்லாதவர்கள் அங்கேயே குடிக்க வேண்டாம், பாத்திரத்தில் வாங்கிப்போய்க் காய்ச்சிக் குடியுங்கள், அதுவும் அருமையாகவே இருக்கும். எருமைப்பால் பழகாத வயிற்றுக்கு அரை கிளாஸ் போதும். அன்று ராத்திரி நான் சாப்பாட்டையே விட்டுவிட்டேன், பசிக்கவில்லை. மகள் மட்டும் அதற்கு மேலே ஒரு தட்டு மட்டன், தாம்ப்டா ரஸ்ஸா என்கிற சிவப்புக் காரக் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தாள்.