கோப்பர்நிக்கஸ் பிரவுசர்: எரிந்த காட்டின் ஈரக் கணக்கு

கொழும்பில் இருந்துகொண்டே ஊவா மலைச்சரிவுத் தீயின் கடுமையை அளக்க, செய்மதிப் படங்களை இணையத்தில் தரும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இந்த இலவசச் சேவை அருமையாக உதவுகிறது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செய்மதிகளின் படங்கள் ஏறக்குறைய 5 நாளுக்கொருமுறை வரும். தேவையான பட்டைகள் (ஒவ்வொன்றும் ஒளியின் ஓர் அலைநீளப் பகுதி) 20 மீற்றர் துல்லியத்தில் கிடைக்கும். வளிமண்டலத் தாக்கம் நீக்கிய லெவல்-2ஏ படத்தையே எடுங்கள்.

முதலில் தீக்கு முந்திய ஈரச் சுட்டெண்: பி8ஏ (அண்மை அகச்சிவப்பு) பட்டையிலிருந்து பி11 (குறுஅலை அகச்சிவப்பு) பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இலையில் நீர் வற்ற வற்ற பி11 பட்டையில் தெறிப்பு கூடும், சுட்டெண் விழும். அடுத்து பி11-க்குப் பதில் பி12 (இதுவும் குறுஅலை அகச்சிவப்பு) போட்டு, தீக்கு முன்னும் பின்னும் எரிவுச் சுட்டெண் பார்த்து, முந்தியதிலிருந்து பிந்தியதைக் கழியுங்கள். அந்த வித்தியாசம் 0.1க்குக் கீழே என்றால் பெரும்பாலும் எரியாதது, 0.66க்கு மேலே கடும் எரிவு. இவை அமெரிக்காவில் வகுத்த எல்லைகள், மலைநாட்டுப் பத்தனைப் புல்வெளிக்கு அப்படியே பொருந்தாது. புல் மழை கண்டதும் துளிர்த்துவிடும். தீ அணைந்தபின் வரும் முதல் தெளிந்த படம்தான் நம்பகமானது.

இரண்டு நாள் படங்களைக் கழிக்க, டிஃப் (TIFF) படக் கோப்பாக இறக்கி கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் கணக்கிடுவதே சுலபம். பெரிய தொல்லை முகில் நிழல்: எரிந்த தரைபோலவே கறுப்பாய்த் தெரியும். எது முகில், எது நிழல் என்று குறிக்கும் லெவல்-2ஏ வகைப்பாட்டுப் படலத்தால் அதை மறைக்காவிட்டால் கணக்கு முழுக்கப் பிழையாகும். முத்துராஜவெல போன்ற சதுப்பில் தேங்கிய நீர் ஈரச் சுட்டெண்ணை ஏற்றிக் காட்டும்.