வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப்: எட்டு மாத அனுபவம்

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது, டோனர் நான்தான். நோய் திரும்பிவிடுமோ என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் பயம், ஆனால் வாரா வாரம் டாக்டர் முதலில் புரட்டியதென்னவோ கிட்னி ரிப்போர்ட்டைத்தான். என் செல்கள் அவன் உடம்பைத் தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் என்று ஒரு மாத்திரை. அது கிட்னிக்குள் போகிற சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அளவு கூடினால் கிரியாட்டினின் (தசையில் உண்டாகி, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறும், பிரஷர் ஏறும், பொட்டாசியமும் ஏறும், மெக்னீசியம் மட்டும் இறங்கும். மாத்திரையின் அளவு குறைந்தால் என் செல்கள் வேலையைக் காட்டும். அதனால் சும்மா சும்மா ரத்தம் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி இரண்டு மணி நேர தூரம், எதிர்ப்பு சக்தி இல்லாதவனைக் கூட்டத்தில் உட்காரவைக்கவும் மனசு வரவில்லை. அப்படித்தான் வீட்டுக்கே வரும் ஒரு லேபைப் பிடித்தோம். பெயர் வேண்டாம்.

ரத்தம் எடுக்க வருகிற அண்ணன் தங்கமானவர். சொல்லாமலே மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுத்தான் கிட்டே வருவார். கீமோவில் சுருங்கிப்போன கை, நரம்பே தெரியாது. வெந்நீரில் நனைத்த துண்டைச் சுற்றி ஐந்து நிமிடம் பொறுத்து, ஒரே குத்தில் எடுத்துவிடுவார்.

ஆனால் அவர் வராத நாட்கள்தான் பிரச்சினை. டாக்ரோலிமஸ் அளவு பார்க்க, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும், முந்தைய ராத்திரி போட்டு ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். எட்டு மணிக்கு புக் செய்தால் ஒரு நாள் பத்தரைக்கு வேறொரு பையன் வந்தான். அதற்குள் காத்திருந்து பார்த்துத் தம்பி மாத்திரையைப் போட்டுவிட்டிருந்தான். "பரவாயில்ல சார், எடுத்துடறேன்" என்று அந்தப் பையன் எடுத்துப் போனான். ரிசல்ட் 19. டாக்டர் டோஸைக் குறைக்க இருந்தார், நல்லவேளை நர்ஸ் குறுக்கே வந்து, "மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். மறுநாள் மாத்திரைக்கு முன்னால் ஒழுங்காக எடுத்ததில் 8. ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரமே இல்லை! கஸ்டமர் கேரில் கேட்டால், இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை சார் என்கிறார்கள். நான் கேட்டது அதுவா?

இன்னொரு ராத்திரி பொட்டாசியம் இதயத்துக்கே ஆபத்தான அளவில் 6.2 என்று வந்து, அடித்துப்பிடித்து எமர்ஜென்சிக்கு ஓடி, ஈசிஜி எடுத்து, திரும்ப ரத்தம் எடுத்தால் 4.4. வழியில் குலுங்கி சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்துவிட்ட சாம்பிளாம். அதை ரிப்போர்ட்டின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

அப்புறம் அந்த 'கிட்னி பேக்கேஜ்'. யூரியா, யூரிக் ஆசிட் எல்லாம் உண்டு, எங்களுக்கு வேண்டிய மெக்னீசியமும் சிறுநீரில் புரதம் பார்ப்பதும் கிடையாது, தனிக்காசு. மருந்தைக் குறைத்துக்கொண்டு வரும்போதுகூடச் சிலருக்குப் புரதம் ஒழுக ஆரம்பிக்கும் என்பதால் அதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆப் கிரியாட்டினின் 1.1 என்று பச்சை நிறத்தில் காட்டி 'நார்மல்' என்கிறது. சிகிச்சைக்கு முன் அவனுக்கு 0.7. அதுவும் இப்போது 14 கிலோ இளைத்து, தசையெல்லாம் போய்விட்டது. தசை குறைந்தால் கிரியாட்டினினும் குறைவாகத்தானே வர வேண்டும்? பச்சையைப் பார்த்து நிம்மதியாக இருந்த எங்களுக்கு இதைக் கிட்னி டாக்டர்தான் விளக்கினார்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதில் இரண்டு அந்த அண்ணனுக்கு. இப்போதெல்லாம் ஆறரை மணி ஸ்லாட்தான் போடுகிறேன், முந்தைய நாளே அவருக்குப் போன் அடித்துவிடுகிறேன், ஊதா மூடி டியூபில் நேரத்தைப் பேனாவால் எழுதச் சொல்லி போட்டோ எடுத்துக்கொள்கிறேன். போன வாரம் வந்தவர், மேஜையில் இருந்த மாத்திரை டப்பாவைத் தானே ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் ஊசியைப் பிரித்தார்.