இதய நடுச்சுவர் கிழிந்தால்: உடனே ஆபரேஷனா, காத்திருந்தா?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா, நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து ஒன்றரை நாள் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு வந்த நாலாம் நாள், இதயத்தின் இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் கிழிந்தது. முந்தைய நாள் இல்லாத இரைச்சல் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டது. எக்கோ ஸ்கேனில் ஓட்டை தெரிந்தது.

தைக்காமல் விட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு, கருவி வைத்து அடைப்பதும் உண்டு. ஆனால் புதுக் கிழிசலில் அது நழுவலாம், ஓரமும் மேலே கிழியலாம். ஆக, எங்கள் முன் இருந்தவை இரண்டுதான்: அன்றிரவே நெஞ்சைத் திறப்பது, அல்லது இதயத்தின் பாரத்தைக் குறைக்கும் பலூன் பம்ப் கருவியின் துணையோடு ஒரு வாரம் காத்திருப்பது.

நாங்கள் காத்திருந்தோம். காரணம் ஒன்றே: தையல் பிடிக்குமா என்பது. செத்த தசை முதல் நாட்களில் கொழகொழத்துக் கிடக்கும், நூலை இழுத்தால் அறுத்துக்கொண்டு வந்துவிடும் என்றார் சர்ஜன். பெரியம்மா முப்பது வருடம் துணி ஃபேக்டரியில் தையல் மெஷின் ஓட்டியவர். சேலை முந்தானையை விரலில் சுற்றியபடியே, "நைஞ்ச துணியில ஒட்டுப்போட்டா நிக்குமாடா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாள் போகப்போக ஓரம் தழும்பாகி இறுகும். ஊசி ஏற இடம் கிடைக்கும்.

2012இல் வெளியான அமெரிக்கக் கணக்கு ஒன்று, 2,876 பேரைப் பார்த்தது. மாரடைப்பு வந்து 7 நாளுக்குள் தைத்தவர்களில் 54 சதவீதம் பேர் இறந்தார்கள். அதற்குப் பின் தைத்தவர்களில் 18 சதவீதம். ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர்கள்தானே இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார்கள்! காத்திருக்க முடியாதவர்களெல்லாம் முதல் கூட்டத்தில்தான்.

அப்புறம், காத்திருப்பு என்றால் சும்மா இருப்பதும் இல்லை. இதயம் விரியும்போது பெருந்தமனியில் பலூன் உப்பும், சுருங்கும்போது அடங்கும். இதயத்தின் பாரம் கொஞ்சம் குறையும். பலூனின் குழாய் தொடை வழியாகப் போவதால், பெரியப்பாவால் அந்தக் காலை மடக்கக்கூட முடியாது. மணிக்கொரு தரம் நர்ஸ் சிறுநீர் சேரும் பையைக் குனிந்து பார்த்து அளவு எழுதுவார். அது குறைந்தாலோ, ரத்த அழுத்தம் சரிந்தாலோ, உடனே தியேட்டர்தான் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம். அப்படி ஒரு நிலை வந்திருந்தால் நானும் உடனே தைக்கத்தான் சொல்லியிருப்பேன்.

12ஆம் நாள் மாட்டு இதய உறையில் செய்த ஒட்டை வைத்துத் தைத்தார்கள். மாட்டிறைச்சி தொடாத வீடு எங்களுடையது. பெரியம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சரி என்றார். தையல் பிடித்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்குக் கிழிந்தது சுவரின் முன்பக்கம். கீழ்ப்பின்பக்கக் கிழிசலைத் தைப்பது இன்னும் கடினம். அப்படிக் கிழிந்தவர்கள் எங்கள் முடிவைப் பார்க்க வேண்டாம், தங்கள் சர்ஜன் சொல்வதைக் கேட்கட்டும்.