இ-ஷ்ரம் அட்டை: பதிவு பரவாயில்லை, பலன் குறைவு

2020 மார்ச் ஊரடங்கில் தமிழ்நாட்டில் ரேஷன் அட்டைக்குக் கொடுத்தது போக, கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தனியாக வந்த 1,000 ரூபாய் நலவாரியத்தில் பெயர் இருந்தவர்களுக்குத்தான் போனது. பதியாத சித்தாளுக்கு அதுவும் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கோ நாடு முழுவதற்குமான பட்டியலே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 26-ல் அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதியும் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளம் வந்தது.

வயது 16 முதல் 59 வரை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கக் கூடாது. பதிவு இலவசம்; புதுப் பதிவுக்கு யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆதாரில் இணைத்த கைபேசி எண் இருந்தால் ஓடிபி போட்டு வீட்டிலேயே பதியலாம். சிம் மாறிப்போனவர்கள் பொதுச் சேவை மையம் போக வேண்டும். சிமெண்டு கலந்து, துணி துவைத்து ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காது. அங்கே நின்று மல்லுக்கட்டாமல் கருவிழிப் பதிவு கேளுங்கள்.

அதிகம் சொதப்புவது வங்கிப் பக்கம். சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் 2020-ல் வேறு வங்கிகளோடு இணைந்த பிறகு பழைய பாஸ்புக்கில் உள்ள ஐ.எஃப்.எஸ்.சி. (வங்கிக் கிளைக் குறியீடு) செல்லாது. புதியதை வாங்கி எழுதுங்கள். அடுத்தது தொழில் குறியீடு. 'கூலி' என்று பொதுவாகத் தேடாமல் கொத்தனார், தையல், வீட்டு வேலை என்று குறிப்பாகத் தேர்வு செய்யுங்கள். 'புலம்பெயர்ந்த தொழிலாளியா?' என்ற கேள்வியை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்; வெளிமாநிலத்தவருக்கு முக்கியமான வரி அதுதான்.

கடைசியில் யூ.ஏ.என். என்ற 12 இலக்கப் பதிவு எண் வரும். பி.எஃப். எண்ணுக்கும் இதே பெயர், இதே 12 இலக்கம் (இப்படிப் பெயர் வைத்தவரை என்ன சொல்ல!). இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, அட்டையைக் காட்டினால் பணம் வருமா? வராது. 2 லட்சம் விபத்து உதவி என்று இன்னமும் சொல்லிப் பதியவைக்கிறார்கள். அது 2022 மார்ச் 31-க்குள் பதிந்தவர்களுக்கானது. அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் வங்கியில் வருடம் 20 ரூபாய் கட்டி பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேருங்கள். கல்வி, திருமண உதவிக்கு மாநில நலவாரிய அட்டைதான் பேசும். இது இருக்கிறதே என்று அதைப் புதுப்பிக்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்கு.

முகவரியோ கணக்கோ மாறினால் உடனே திருத்துங்கள். சந்தேகத்துக்கு உதவி எண் 14434.