பழைய ஸ்வராஜ் மஸ்தாவுக்குக் கை வேக்குவம் பம்ப்: கிளட்சுக்கு முழுப் பலன், பிரேக்குக்குப் பாதிப் பலன்

1980களில் ஜப்பானியத் தொழில்நுட்பக் கூட்டில் நம் சாலைகளுக்கு வந்த சிறிய சரக்கு வண்டிகளுள் ஒன்றான ஸ்வராஜ் மஸ்தாவை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், கிளட்ச், பிரேக் வேலைகளைப் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்கிறார்கள். இரண்டுமே ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை என்பதால், ஏர் எடுக்கும்போது, அதாவது பைப்பில் தங்கிய காற்றை வெளியேற்றும்போது, பெடலை மிதிக்க ஓர் ஆளும் காற்று வெளியேறும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து மூட இன்னோர் ஆளும் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் தேவையில்லை என்று சொல்லி, இரண்டாயிரம் ரூபாய்க்குள் விற்கப்படும் கை வேக்குவம் பம்ப் செட்டைப் பற்றியது இந்த மதிப்புரை.

பெட்டிக்குள் அளவுமானி பொருத்திய கைப்பம்ப், ஆயில் சேரும் சிறு பிளாஸ்டிக் ஜாடி, இரண்டு மூன்று ஹோஸ்கள், வெவ்வேறு அளவில் ரப்பர் முனைகள் ஆகியவை உள்ளன. பம்பின் உடல் உலோகம். பிடி கைக்கு இசைவாக இருக்கிறது. ஹோஸின் முனையை விரலால் அடைத்துப் பிடித்து அழுத்தினால், முள் பாதரச அளவில் 50 சென்டிமீட்டரைத் தாண்டி அங்கேயே நிற்கிறது. இந்த விலைக்கு அது நல்ல அறிகுறி.

கிளட்சில்தான் இதன் அருமை தெரிகிறது. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் ஆயில் மிகக் குறைவு என்பதால், நீண்ட பைப்பின் மேட்டுப் பகுதியில் தங்கிவிட்ட காற்றுக் குமிழி மிதிக்கும்போது சற்றுக் கீழே இறங்கி, பெடலை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பைப்பின் மறுமுனையில் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் ஹோஸைச் செருகி நிதானமாக உறிஞ்சினால், அந்தக் குமிழி ஆயிலோடு சேர்ந்து ஒரே போக்கில் ஜாடிக்கு வந்துவிடுகிறது. மேலே டப்பாவில் ஆயில் மட்டம் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பெடலின் ஃப்ரீ ப்ளேயை (மிதிக்கத் தொடங்கும்போது வெறுமனே நகரும் சிறு தூரத்தை) சரிசெய்வது பம்பின் வேலையன்று. பெடலிலிருந்து வரும் புஷ் ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி இல்லையென்றால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியபடியே இருந்து, ஏற்றத்தில் கிளட்ச் நழுவத் தொடங்கும். ஆகவே அதை முதலில் சரிசெய்துவிட வேண்டும்.

பிரேக்குக்கு வந்தால் கதை வேறு. டிரம் பிரேக்கில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஷூக்களை (டிரம்மை உரசி நிறுத்தும் கட்டைகளை) தள்ளும் வீல் சிலிண்டரில் உள்ள ரப்பர் கப்கள் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும்படி விளிம்பு விரிந்தவை. வெளியிலிருந்து உள்ளே இழுக்கும்போது அவற்றின் பிடி தளர்கிறது. தேய்ந்த கப்கள் உள்ள பழைய வண்டியில் பலமாக உறிஞ்சினால், அந்த விளிம்பைத் தாண்டிப் புதுக் காற்று உள்ளே புகவும் வாய்ப்புண்டு. தவிர, திறந்த நிப்பிளின் மரை வழியாகவும் காற்று கசிந்து வருவதால், ஹோஸில் குமிழிகள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எது பைப்பிலிருந்து வரும் காற்று, எது மரையிலிருந்து வரும் காற்று என்று பிரித்தறிய முடியாது. மரையின் வெளிப்புறத்தில் பிரேக் ரப்பருக்கான கிரீஸைச் சிறிது தடவினால் இது பெரிதும் குறைகிறது. சாதாரண கிரீஸைத் தொடவே கூடாது. அது கப்களை உப்பச் செய்துவிடும்.

என் கருத்தில், பழைய ஆயிலை வெளியேற்றிப் புதியதை இழுத்துக் கொண்டுவரும் வரை பம்பைப் பயன்படுத்தலாம். அதன்பின் மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, கடைசிச் சுற்றை ஆள் வைத்து மிதித்தே முடிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் குதிரையில் (வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கியில்) நிறுத்தி, ஷூ டிரம்மை உரசும் வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரம் தாராளமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்திவிட வேண்டும். முதல் மிதிக்குப் பெடல் ஆழமாகப் போய், இரண்டாவது மிதிக்கு மேலேறிக் கல் போல நின்றால் அது பெரும்பாலும் ஷூ இடைவெளியே. மேலேறிய பிறகும் மெத்தென்று இருந்தால்தான் காற்று. இந்த வேறுபாட்டைப் பாராமல் லிட்டர் கணக்கில் ஆயிலை வீணாக்குபவர்கள் ஏராளம்.

குறைகளும் உண்டு. ஜாடியின் மூடி மரை மெலிது. சற்று இறுக்கினாலே நழுவுகிறது. ஹோஸின் துளை நிப்பிளுக்குப் பெரிதாக இருப்பதால், கடையில் சிறிய சிலிகான் குழாய் தனியாக வாங்க நேர்ந்தது. ஜாடி நிரம்பிய பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தால் ஆயில் பம்புக்குள்ளேயே ஏறிவிடும் என்ற எச்சரிக்கை அச்சிட்ட தாளில் எங்கும் இல்லை. பிரேக் ஆயில் பெயின்டை அரிக்கும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது. ஜாடியில் சேர்ந்த ஆயில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் டப்பாவில் திரும்ப ஊற்றக் கூடாது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தர வகைப் புதிய பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் சேர்ந்தபின் அது 140 வரை இறங்கலாம்.

வண்டியைச் சாலைக்கு எடுக்குமுன் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெளியே எங்கும் கசிவில்லாமல் கால் மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் கப் போய்விட்டது என்று பொருள். அதற்குப் புதிய கிட் வாங்கியாக வேண்டும், இந்தப் பம்ப் எதுவும் செய்யாது.