8 வார எம்.பி.எஸ்.ஆர். வகுப்பு: பதற்றம் உள்ளவர்கள் சேரலாமா?

சேரலாம். எம்.பி.எஸ்.ஆர். (மைண்ட்ஃபுல்னெஸ்-பேஸ்டு ஸ்ட்ரெஸ் ரிடக்‌ஷன்) என்பது, இந்தக் கணத்தில் உடம்பிலும் மனதிலும் நடப்பதை அப்படியே கவனித்துப் பழகி மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி. ஆனால் உடம்பைத் தளர்த்தி மனதை அமைதியாக்கித் தருவார்கள் என்று எதிர்பார்த்துச் சேராதீர்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வகுப்புக்கான விளம்பரங்களில் பல, கண்ணை மூடிப் புன்னகைக்கும் ஒரு முகத்தைக் காட்டித்தான் ஆள் சேர்க்கின்றன. பதற்றத்தில் தவித்துக்கொண்டிருப்பவர் அதை நம்பி வருகிறார், முதல் வாரத்திலேயே படபடப்பு கூடியதும் நமக்கு இதுவும் ஒத்து வரவில்லை என்று விலகிவிடுகிறார். என் வகுப்பிலேயே அப்படிச் சிலர் போனார்கள். படபடப்பு தெரியவருவதுதான் இந்தப் பயிற்சியின் தொடக்கம் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இருந்திருப்பார்கள்.

இந்த வகுப்பை நான் ஆன்லைனில் முடித்தேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, பாடத்திட்டம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான், மாறுவது ஆசிரியர் மட்டும். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி இது. வழக்கமான சிகிச்சையில் பெரிதாகப் பலன் காணாமல் நாள்பட்ட வலியோடு வாழ்ந்தவர்கள்தான் அவரிடம் ஆரம்பத்தில் வந்தார்கள். வலி போகாதபோது அதனோடு எப்படி இருப்பது என்ற கேள்வியிலிருந்து வந்த பயிற்சி என்பதால், பதற்றத்தையும் அதே விதமாகத்தான் அணுகுகிறது. 8 வாரம், வாரத்துக்கு ஒரு முறை சுமார் இரண்டரை மணி நேரம், ஆறாவது வாரத்தை ஒட்டி ஒரு முழு நாள் பேசாமல் பயிற்சி, அதுபோக வீட்டில் தினமும் ஏறக்குறைய 45 நிமிடம். கடைசியாகச் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. வகுப்புக்கு மட்டும் வந்து வீட்டில் எதுவும் செய்யாதவருக்கு இதில் கிடைக்கப்போவது குறைவு.

முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று பார்க்கச் சொல்வார்கள். அது சரி, அறிமுகத்துக்கு நல்லது. கடினமான வேலை 'பாடி ஸ்கேன்' என்ற பயிற்சியில் இருக்கிறது. படுத்துக்கொண்டு, இடது கால் விரலில் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால் என்று உடம்பு முழுவதும் கவனத்தைக் கொண்டுபோக வேண்டும். எதையும் மாற்றக் கூடாது. தளர்த்து என்றோ ஆழமாக மூச்சுவிடு என்றோ நல்ல ஆசிரியர் சொல்லமாட்டார். அங்கே சூடு இருக்கிறதா, கூச்சம் இருக்கிறதா, துணி உரசுவது தெரிகிறதா என்று மட்டும் கேட்பார். ஒன்றுமே தெரியவில்லை என்றால் அதுவும் சரியான பதில்தான். எனக்கு முழங்காலுக்குக் கீழே வெகு நாள் எதுவும் தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் பதற்றத்தோடு இருப்பவர்கள் பலர் தலைக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் மட்டுமே வாழ்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

கால் முடிந்து வயிறு, நெஞ்சு என்று வரும்போது ஆட்டம் மாறும். வயிற்றைப் பிசைவது, தொண்டையை அடைப்பது, நெஞ்சில் பாரம், கை வெலவெலப்பது எல்லாம் முழு அளவில் தெரிய ஆரம்பிக்கும். இங்கே வரும் வழிகாட்டுதலுக்காகவே இந்த வகுப்புக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்காதே, எங்கே இருக்கிறது என்று கேள் என்கிறார்கள். எவ்வளவு இடத்தை அடைக்கிறது, ஓரம் எங்கே முடிகிறது, அசைகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா, மூச்சு உள்ளே போகும்போது கூடுகிறதா வெளியே வரும்போதா? இந்தக் கேள்விகளுக்கு யோசித்துப் பதில் சொல்ல முடியாது, உணர்ந்துதான் சொல்ல முடியும். அப்படி உணர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, அசையாத பாறை என்று நினைத்திருந்த நெஞ்சு பாரம் கூடுகிறது, குறைகிறது, இடம் மாறுகிறது, சில சமயம் அதைக் கவனிப்பதே நமக்கு மறந்து போகிறது. குறையவில்லை என்றாலும் பரவாயில்லை, அது மாறக்கூடியது என்று உடம்பாலேயே தெரிந்துகொள்வது பெரிய விஷயம்.

இதில் நியாயமான ஒரு சந்தேகம் வரும். பதற்றம் உள்ளவர்கள் ஏற்கெனவே உடம்பைத்தானே இருபத்து நான்கு மணி நேரமும் கவனிக்கிறார்கள், நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள், இன்னும் கவனிக்கச் சொன்னால் பதற்றம் அதிகமாகாதா? அதிகமாகும், தவறாகச் செய்தால். பீதித் தாக்குதல் எப்படி உருவாகிறது என்று 1986இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் விளக்கியது இங்கே உதவும். சாதாரணமாக இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது, அதை மாரடைப்பின் அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறோம், பயம் வருகிறது, பயத்தால் துடிப்பு இன்னும் கூடுகிறது, பார்த்தாயா உண்மைதான் என்று பயம் இன்னும் ஏறுகிறது. மூச்சும் வேகமாகிவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரத்து, தலை கிறுகிறுக்கும், அதுவும் புதிய ஆதாரமாகச் சேர்ந்துகொள்ளும். இந்தச் சுழலில் இருப்பவர் உடம்பை உணரவில்லை, வேவு பார்க்கிறார். ஒரு துடிப்பு தெரிந்த உடனே தீர்ப்பு சொல்லிவிட்டு, அதன் பிறகு துடிப்பை விட்டுவிட்டுத் தீர்ப்போடு மல்லுக்கட்டுகிறார்.

வேவு பார்ப்பதற்கும் உணர்வதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எனக்குப் பழக்கிக் கொடுத்தது இந்த வகுப்புதான். எப்படிப் பிரித்தறிவது என்றால், வேவு பார்க்கும்போது நமக்கு ஒரு விடை வேண்டும், ஆபத்தா இல்லையா என்று. உணரும்போது விடை தேவையில்லை. இன்னொன்று, வேவு பார்க்கும்போது உடம்பு முழுவதும் ஒரே இடமாகச் சுருங்கிவிடும், நெஞ்சைத் தவிர வேறு எதுவும் இருக்காது. உணரும்போது நெஞ்சும் இருக்கும், நாற்காலியில் பதிந்த முதுகும் இருக்கும், தரையில் ஊன்றிய பாதமும் இருக்கும். பதற்றம் ஏறும்போது நெஞ்சை விட்டுவிட்டுப் பாதத்துக்குப் போய், கொஞ்சம் நிலைப்பட்டதும் மறுபடி நெஞ்சுக்கு வந்து பார்ப்பது என்று போய்வரும் பழக்கம் எனக்கு இன்றும் கைகொடுக்கிறது, கூட்டத்தில் பேச எழும் முன்னால், மருத்துவமனையில் காத்திருக்கும்போது, நடு இரவில் விழிப்பு வந்தால்.

உணர்ச்சிகள் பற்றிய பகுதி இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் ஒரு அட்டவணை வழியாக வருகிறது. முதலில் இனிமையான நிகழ்வு, அடுத்த வாரம் இனிமையற்ற நிகழ்வு, தினமும் ஒன்றை எழுத வேண்டும். நடந்தது என்ன, அப்போது உடம்பில் எங்கே எப்படி இருந்தது, என்ன உணர்ச்சி, என்ன எண்ணம் என்று தனித்தனிக் கட்டங்கள். பார்க்கப் பள்ளிக்கூட வீட்டுப்பாடம் போல இருக்கும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாள் முழுக்க 'பதற்றமாக இருக்கிறது' என்று ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, தாடை இறுகினால் அது பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லாத கோபம், முகம் சூடானால் வெட்கம், தொண்டை அடைத்தால் துக்கம் என்று இந்தக் கட்டங்களில் எழுதி எழுதித்தான் பிரிந்து தெரிந்தது. எல்லோருக்கும் இதே இடம்தான் என்று சொல்லவில்லை. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 701 பேரை வைத்து எந்த உணர்ச்சி உடம்பில் எங்கே தெரிகிறது என்று வண்ணம் தீட்டச் சொல்லிப் பார்த்தார்கள், பொதுவான வடிவங்கள் கிடைத்தன, ஆனாலும் உங்கள் வரைபடத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோபம் என்று தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியது மாறிவிடுகிறது, யாரிடமோ ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே ஓரளவு தணிக்கும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், முகத்தில் தெரியும் உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிட்டபோது அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது.

சரி, மொத்தத்தில் பலன் தருமா? 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை நான் நம்பகமானதாக எடுத்துக்கொள்கிறேன். பதற்ற நோய் கண்டறியப்பட்ட 276 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு இதே 8 வார வகுப்பும், மறு பாதிக்குப் பதற்றத்துக்கு வழக்கமாகத் தரப்படும் எஸ்சிடலோபிராம் மாத்திரையும் கொடுத்தார்கள். 8 வாரத்தின் முடிவில் வகுப்பு மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை, பக்க விளைவுகள் மாத்திரை எடுத்தவர்களிடம் மிகவும் அதிகம். இதைப் படித்துவிட்டு இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் அதுவே தனித் தொல்லை, மருத்துவரிடம் பேசித்தான் எதையும் செய்ய வேண்டும். வகுப்பையும் மாத்திரையையும் ஒன்றாக வைத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. தினமும் 45 நிமிடம் என்பது கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் இரண்டு வேலை பார்ப்பவருக்கும் நடக்காத காரியம், அவர்களுக்கு ஏற்றபடி குறுக்கித் தரும் வழி பாடத்திட்டத்தில் இருந்திருக்க வேண்டும். வகுப்பில் கொஞ்சம் யோகாவும் உண்டு, அந்தப் பகுதி எளிமையானது, ஏற்கெனவே ஆசனம் பழகியவர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. முழு நாள் மௌனம் எனக்குப் பிடித்தது, ஆனால் திரைக்கு முன்னால் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்து அதைச் செய்வது நேரில் செய்வதற்கு ஈடாகாது. என்னை உண்மையிலேயே வருத்தியது வேறு. எங்கள் வகுப்பில் ஒருவர், மூச்சைக் கவனித்தாலே மூச்சு முட்டுகிறது என்று சொன்னபோது, ஆசிரியர் 'அப்படியே விட்டுவிடுங்கள், வெறுமனே கவனியுங்கள்' என்று சொல்லி அடுத்தவரிடம் போய்விட்டார். பலருக்கு மூச்சே பயத்தின் மையமாக இருக்கும், அவர்களுக்குக் கண்ணைத் திறந்துகொள்ளலாம், கையையோ பாதத்தையோ வெளிச் சத்தத்தையோ கவனிக்கலாம் என்ற மாற்றுவழியைச் சொல்லாமல் விடுவது சின்னத் தவறில்லை. அவர் அடுத்த வாரம் வரவில்லை.

அதனால் சிலர் இதில் நேராகச் சேராமல் இருப்பது நல்லது. வன்முறையோ விபத்தோ கண்டு அதன் நினைவுகள் இன்னும் திடீர் திடீரென்று உடம்போடு வந்து தாக்குகிறவர்கள், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள், முதலில் ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள், அவர் சரி என்றால் சேருங்கள். அப்புறம், நெஞ்சு வலியோ படபடப்போ புதிதாக வந்திருந்தால் அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, இதயத் துடிப்பின் லயக் கோளாறு எல்லாமே இதே மாதிரிதான் இருக்கும். பரிசோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு செய்யும் பாடி ஸ்கேனுக்கும், சந்தேகத்தோடு செய்யும் பாடி ஸ்கேனுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சேர முடிவு செய்தால், பணம் கட்டும் முன் ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பயிற்சியின் நடுவில் எனக்குப் பதற்றம் ஏறினால் என்ன செய்யச் சொல்வீர்கள்? ஏறாது, அமைதிதான் வரும் என்று சொன்னாலோ, தொடர்ந்து மூச்சைக் கவனி என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாவிட்டாலோ வேறு வகுப்பைத் தேடுங்கள். கண்ணைத் திறக்கலாம், எழுந்து நடக்கலாம், பாதத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம், பாதியில் நிறுத்தினாலும் வகுப்பு முடிந்ததும் என்னிடம் பேசுங்கள் என்று சொல்கிறவர் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்.